செங்கானேந்தலில் ஒரு தலைதீபாவளி

ஐப்பசியின் முதல் மழை ஓய்ந்து வெயில் அடித்த காலையில் செங்கானேந்தல் கண்மாய்க்குப் பறவைகளின் நிழல்கள் வந்து சேர்ந்தன. பறவைகள் வரவில்லை. வருசா வருசம் வருகிற அதே வடக்குப் பாதையில், அம்மன் கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கொடியில் காய்ந்த சேலைகளின் மேல் ஏறி இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளின் முதுகைத் தடவிக்கொண்டு, கரை ஏறி, தண்ணீரில் விழுந்து, கண்மாய்க்குள் நின்ற நாட்டுக் கருவேல மரங்களில் போய் உட்கார்ந்தன. மெஸ் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பூமிநாதனின் பாதத்தை ஒரு கூழைக்கடாவின் நிழல் கடந்துபோனது. கடந்த இடம் கொஞ்சம் குளிர்ந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். வானம் கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி வெறுமையாக இருந்தது.

"ராக்கு, வந்துருச்சு" என்றார் உள்ளே பார்த்து.

"கூழைக்கடாவா, நாரையா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி ராக்கம்மா கேட்டாள்.

"ரெண்டும். நிழல் மட்டுந்தான் வந்திருக்கு."

ராக்கம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தாள். "பாவம், மேல எங்க தொலைச்சுட்டு வந்துச்சுகளோ" என்று சொல்லிவிட்டு, தோசை கருகிவிடுமே என்று திரும்பிப் போனாள்.

இருவரும் இதைத் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டார்கள். செங்கானேந்தலில் எல்லாருக்கும் குரல் அப்படித்தான். கண்மாய்ப் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, பறவை இருக்கிற மாதங்களில் கல்யாணத்துக்கு மைக்செட் கட்டுவதில்லை, சாவுக்கு மேளம் அடிப்பதில்லை, மாட்டைக்கூட அதட்டுவதில்லை. ஊருக்குள் புதிதாக வாழ வந்த பெண்கள் முதல் வருசம் வாய்தவறிச் சிரித்துவிட்டுச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொள்வார்கள், மூன்றாம் வருசம் பொத்தாமலே சத்தமில்லாமல் சிரிக்கப் பழகிவிடுவார்கள். தலைதீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளைகளுக்கும் வெடி கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுவேட்டி கட்டியதும் மாமனார் அவரைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போய், பொழுது விடியும்போது ஆயிரக்கணக்கில் பறவைகள் எழும்புவதைக் காட்டுவார். அதற்குக் கரை காட்டுவது என்று பேர். கரை காட்டப்பட்ட மாப்பிள்ளை அதன் பிறகு மாமனார் வீட்டில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்ததில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த அமைதியைத்தான் ஊர் விற்றுச் சாப்பிட்டது. ஐப்பசி பிறந்தால் மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கார்கள் வந்தன, பள்ளிக்கூட பஸ்கள் வந்தன, நீளக் குழல் வைத்த கேமராக்களோடு ஆட்கள் வந்து நாள்கணக்கில் தங்கினார்கள். வானத்தை நம்பி ஒரு போகம் விளைகிற அந்தச் சீமையில் பறவைதான் செங்கானேந்தலுக்கு இரண்டாம் போகம். பூமிநாதன் மெஸ் வைத்து, மாடியில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். அவருடைய சித்தப்பா மகன் கூரியய்யா கரையில் பைனாகுலர் வாடகைக்கு விட்டார். யாரோ எலுமிச்சை சோடா விற்றார்கள், யாரோ அவித்த கடலை விற்றார்கள். அந்த வருமானத்தில் பிள்ளைகள் படித்தார்கள்.

போன தை மாதம்தான் கேஸ் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கண்மாயைச் சுற்றியுள்ள வயல்களில் வரிசையாக ஆழத் துளை போட்டு, அடியில் வெடியை இறக்கி, மண்ணால் மூடி வெடித்துப் பார்த்தால், பூமிக்குள் கேஸ் எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும் என்றார்கள். கூட வந்த அதிகாரி நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆனால் ஊர் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"சத்தம் கேக்குமாய்யா?"

"கேக்காது. வேணும்னா ஒண்ணு வெடிச்சுக் காட்டவா?"

காட்டினார். ஊரே வயல் வரப்பில் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றது. பக்கத்து அறையில் யாரோ டிரங்குப் பெட்டியை மெல்ல மூடுவது போல் இருந்தது, அவ்வளவுதான். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்கள். அடுத்த சில நாளில் பறவைகள் முட்டைகளை விட்டுவிட்டு எழும்பிப் போனபோது, எந்தச் சத்தமும் இல்லாததால், அதையும் இதையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. வெயில் அதிகம் என்றார்கள், தண்ணீர் குறைவு என்றார்கள். பூமிநாதனும் அப்படித்தான் சொன்னார். அந்த வேலைக்கு வந்து அவருடைய மாடி அறையில் தங்கியிருந்த சந்தனமாரி என்ற பையனை, துளைக்குள் வெடியை இறக்கிக் கம்பி இணைக்கிறவனை, அவர் தன் மகள் வில்வக்கனிக்கு ஆவணியில் கல்யாணமும் செய்துவைத்தார். சாத்தூர்ப் பக்கத்துப் பையன், அப்பா பட்டாசுக்கடைக்காரர், வெடிக்குப் பிறந்து வெடியிலேயே வளர்ந்தவன் எப்படி இவ்வளவு மெதுவாகப் பேசுகிறான் என்று ராக்கம்மாவுக்கு அவனைப் பிடித்துப்போயிருந்தது. வில்வக்கனிக்கு அதற்கு முன்பே பிடித்துப்போயிருந்தது.

இப்போது நிழல்கள் வந்துவிட்டன. வந்தவை நிழல்தானே என்று ஊர் இருந்துவிடவில்லை. மேகம் மூடினால் அவை மறைந்தன, வெயில் வந்தால் விட்ட இடத்திலிருந்து கூடு கட்டின. குச்சியின் நிழலைத் தூக்கிக்கொண்டு நாரையின் நிழல் போவதைப் பெண்கள் நின்று பார்த்தார்கள். மொட்டைமாடியில் போட்ட வடகத்தின் மேல் நீர்க்காகங்களின் நிழல்கள் சிறகு விரித்து உட்கார்ந்துகொண்டதால் வடகம் காயவில்லை. கையை ஓங்கி விரட்ட யாருக்கும் மனம் வரவில்லை. கண்மாயில் மீன்கள் அவற்றைக் கண்டு பயந்து ஓடின, ஆனால் ஒன்றும் செத்துப்போகாததால் கொஞ்ச நாளில் பயம் தெளிந்து நிழலுக்கடியில் ஒதுங்கிப் பெருகின. பறவை எச்சம் விழாத தண்ணீர் உரமில்லாத வெறும் தண்ணீராக வயலுக்குப் பாய்ந்து நெல் வெளுத்தது. "சாப்பிட வராத விருந்தாளி மாதிரில்ல இருக்கு" என்றாள் ராக்கம்மா.

விருந்தாளிகளும் குறைந்தார்கள். மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பறவைங்க எங்கண்ணே?" என்று கூரியய்யாவிடம் கேட்டார்.

"கீழ பாருங்க சார்."

"நிழலப் பாக்கவா இவ்ளோ தூரம் வண்டிய ஓட்டிட்டு வந்தோம்?"

"நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம் சார். அதுக தர்றது இதத்தான்."

பைனாகுலரை யாரும் எடுக்காததால் கூரியய்யா வெள்ளை வேட்டிகளை வாடகைக்கு விட ஆரம்பித்தார். அதைக் கரையில் விரித்துப் பிடித்தால் பறக்கிற நிழல் தெளிவாக விழும். ஒரு பள்ளிக்கூட பஸ் வந்தது. பிள்ளைகள் வேட்டியில் விழுந்த மூக்கைப் பார்த்தே கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று சொல்லிக் கைதட்டப் போனவர்கள், ஊர்க்காரர்கள் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கினார்கள். அந்த பஸ்ஸுக்குப் பிறகு வேறு பஸ் வரவில்லை. பறவை இல்லாத சரணாலயம் என்று பேப்பரில் வந்தது. மெஸ்ஸில் இட்லிப் பானையைச் சின்னதாக மாற்றினார்கள். மாடி அறைகளைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டினார்கள். பூமிநாதன் பகலெல்லாம் வாசலில் உட்கார்ந்து, நாம் இத்தனை காலம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது பறவைக்காகவா, அல்லது வாயைப் பொத்திக்கொண்டிருக்கிற நல்லவர்கள் என்று நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போவதற்காகவா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பறவைக்காக என்றால், அதன் காலுக்கு அடியில் என்ன நடக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோமா?

தீபாவளிக்கு முந்தின வாரம் சாத்தூரிலிருந்து சம்பந்தி போன் செய்தார். அவர் குரல் போனுக்கு வெளியே மெஸ் முழுக்கக் கேட்டது.

"சம்பந்தி, நல்லாருக்கீகளா? பையனுக்குத் தலைதீபாவளி. சரம் குடுத்து விடுறேன், பத்தாயிரம் வாலா."

"எங்க ஊரு வழக்கம் உங்களுக்குத் தெரியுமே..."

"தெரியும். பறவை இருந்துச்சு, வெடிக்கல. இப்பத்தான் பறவையே இல்லையாமுல்ல? அப்புறம் யாருக்காக வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கீக? பட்டாசுக்கடைக்காரன் மகனுக்குத் தலைதீபாவளி ஊமைத் தீபாவளியாப் போச்சுன்னா எங்க தெருவுல நான் எப்படி நடக்குறது? நாளைக்கு உங்க பொண்ணு இந்த வீட்டுல எப்படித் தலைநிமிந்து நடக்கும்? யோசிச்சுக்கங்க."

பூமிநாதன் யோசித்தார். ஊரும் கோயில் வாசலில் கூடி யோசித்தது. நிழலுக்குக் காது கேட்குமா என்று பேச்சு வந்தது. கேட்காது என்றார்கள் சிலர். போன வாரம் ஒரு பானை உடைந்தபோது நிழலெல்லாம் ஒரு பனை உயரம் எழும்பி அடங்கியதைத் தாங்கள் கண்ணால் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். அமாவாசை இருட்டில் நிழலே கிடையாதே, விடியுமுன் வெடித்தால் என்ன என்றார் ஒருவர். "இருட்டுல தெரியாதுன்னா இல்லாமப் போயிருமா? உன் பொண்டாட்டி அடுப்படியில இருக்கறது உனக்குத் தெரியுதா இப்ப?" என்றார் கூரியய்யா. சத்தமில்லாமல் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில், இதுவும் போய்விட்டால் அடுத்த ஐப்பசிக்கு வர நிழல்கூட இருக்காது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும், விருந்துக்கு வருகிற மாப்பிள்ளையைத் தடுப்பது ஊருக்கு அழகில்லை என்று முடிவாகி, பாரத்தைப் பூமிநாதன் தலையில் இறக்கிவைத்துவிட்டு எல்லாரும் கலைந்துபோனார்கள்.

தீபாவளிக்கு முந்தைய நாள் மகளும் மருமகனும் வந்தார்கள். சரம் ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வந்தது. வில்வக்கனி அடுப்படியில் அம்மாவிடம், "அவுகளுக்கு இதுல ஆசை இல்லம்மா. சாத்தூர் மாமாவுக்குப் பயப்படுறாக" என்றாள்.

"நீ சொல்லிப் பாக்கலாம்ல?"

"சொன்னேன். வெடிக்காமப் போனா, பொண்டாட்டி பேச்சக் கேட்டுக் கெட்டான்னு என்னையத்தான் சொல்லுவாங்கன்றாக. எனக்காகத்தான் வெடிக்கிறாகளாம்."

"நல்லாருக்கு" என்றாள் ராக்கம்மா. "உங்கப்பாவும் உனக்காகத்தான் சும்மா இருக்காரு."

விடியுமுன் எண்ணெய் வைத்தார்கள். சந்தனமாரி குளித்துப் புதுவேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமனார் பின்னால் கரைக்கு நடந்தான். வில்வக்கனியும் ராக்கம்மாவும் பின்னால் வந்தார்கள். ஊர் தூரத்தில் தங்கள் தங்கள் வாசலில் நின்றது. சரத்தைக் கரை நெடுக விரித்தான், சிவப்புப் பாம்பு போல அது கிடந்தது. ஊதுவத்தியைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டான். பூமிநாதன் மகளைப் பார்த்தார்.

"மாமா, வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான் சந்தனமாரி.

"நான் சொன்னா, நாளைக்கு அவளத்தான் பேசுவாக மாப்ள."

"அப்பாட்ட நான் என்ன சொல்ல மாமா?"

அதற்குள் சூரியன் எழும்பியது. அன்றைக்கு வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. முதல் வெளிச்சத்தில் சந்தனமாரியின் நிழல் கரையின் சரிவில் நீண்டு விழுந்தது. அதன் வலது தோளில் ஒரு நாரையின் நிழல் வந்து இறங்கியது. கழுத்தை வளைத்து அங்கும் இங்கும் பார்த்தது. பறந்து போய், ஒரு குச்சியின் நிழலைக் கொண்டுவந்து தோளில் வைத்தது. மறுபடி போனது. மறுபடி வந்தது.

"அசையாதீங்க" என்றாள் வில்வக்கனி.

அவன் அசையவில்லை. ஊதுவத்தி எரிந்து சாம்பல் வளைந்து விழுந்தது, விரலைச் சுட்டது, அப்போதும் அசையவில்லை. பொழுது ஏற ஏற நிழல் குறுகி வந்தது, உச்சிவெயிலில் கூடு அவன் காலடிக்கே வந்துவிட, குஞ்சு பொரிக்கப்போகிற ஒன்றின் பக்கத்தில் கால் வைத்து நிற்கிறவன் மாதிரி அவன் மூச்சைக்கூட அளந்து விட்டான். ராக்கம்மா குழம்பில் பிசைந்த சோற்றை உருட்டி ஊட்டினாள். குடை பிடிக்க வந்த கூரியய்யாவை எல்லாரும் ஒரே சமயத்தில் விரட்டினார்கள், குடை பிடித்தால் நிழல் ஏது? அந்தியில் நிழல் கரைக்கு மறுபக்கம், ஊர்ப்பக்கமாக நீண்டு மெஸ்ஸின் வாசற்படி வரை போய், கூட்டில் உட்கார்ந்திருந்த நாரையோடு மங்கி மறைந்தது. அப்போதுதான் அவன் காலை எடுத்தான். எடுப்பதற்கு முன் வில்வக்கனி குனிந்து, அவன் பாதங்களைச் சுற்றிக் கோலமாவால் கோடு இழுத்துவைத்தாள்.

மறுநாள் விடியுமுன் அவன் அந்தக் கோட்டுக்குள் வந்து நின்றான். சூரியன் வந்தது. கூடு அங்கே இருந்தது. அதற்கு அடுத்த நாளும் நின்றான். மழை பெய்த நாள்களில் மட்டும் வீட்டில் படுத்துக் காலைப் பிடித்துவிடச் சொன்னான். கரையில் கிடந்த சரத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. மழையில் அது ஊறி, சிவப்புச் சாயம் சரிவில் வழிந்து, தண்ணீர் வரை கோடாக இறங்கியது.

சம்பந்தி போன் செய்தார். "என்னடா, வெடிச்சியா?"

"இல்லப்பா. தோள்ல கூடு கட்டியிருக்கு."

சம்பந்தி முதல்முறையாக மெதுவான குரலில், "எந்தத் தோளுல?" என்று கேட்டார்.

மரமாக நிற்கிற மாப்பிள்ளையைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முன்பு மாதிரி இல்லை, ஒன்றிரண்டு கார்கள்தான். வந்தவர்கள் அவனைச் சுற்றித் தள்ளி நின்று, நிழலில், கூட்டில் இட்டிருந்த முட்டைகளின் மேல் நாரையும் அதன் சோடியும் மாறி மாறி உட்காருவதைப் பார்த்தார்கள். தங்க இடம் உண்டா என்று கேட்டார்கள். பூமிநாதன் ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். "இதுக்கு டிக்கெட் போடலாமாண்ணே?" என்று கூரியய்யா கேட்டதற்கு, "மாப்பிள்ளையக் காட்டிக் காசு வாங்குன முதல் மாமனாருன்னு என்னைப் பேப்பர்ல எழுதுறதுக்கா?" என்று சொல்லி அனுப்பினார்.

கார்த்திகை நடுவில் ஒரு நாள், நல்ல வெயிலில், சந்தனமாரி "மாமா!" என்றான். பூமிநாதன் ஓடினார். அவன் முகம் வெளிறியிருந்தது.

"மேற்க வெடிக்கிறாங்க மாமா. எங்க ஆளுங்க. புது வரிசை ஆரம்பிச்சுட்டாங்க போல."

"சத்தம் கேக்கலையே?"

"சத்தம் இல்ல. கால்ல வருது. அசையாம நின்னாத்தான் தெரியுது. இத்தனை நாள் வண்டி மேல நின்னு வேலை பாத்தவன், எனக்குத் தெரியல மாமா. ஆடுது."

பூமிநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் அசையாமல் நின்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உள்ளங்காலில், பல்வலி தொடங்குவது மாதிரி, அது வந்தது. சரிவில் நாரையின் நிழல் பாதி எழுந்து, முட்டைகளைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தது. அது போன தையில் எழுந்த மாதிரியே எழுந்தது, உட்கார்ந்ததுதான் வேறு. அவர் ராக்கம்மாவைக் கூப்பிட்டார். கூரியய்யாவைக் கூப்பிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரே செருப்பில்லாமல் கரையில் வரிசையாக நின்றது, ஒவ்வொரு முகமாக மாறியது.

அதிகாரியை வரச்சொன்னார்கள். அவர் வந்தார். இந்த முறையும் ஊர் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. பூமிநாதன்தான் கேட்டார்.

"ஆடுமாய்யா?"

"அது... ஒரு அளவு இருக்கும். மனுசனுக்குத் தெரியாத அளவு."

"எங்க மாப்பிள்ளைக்குத் தெரியுதே."

அதிகாரி சந்தனமாரியைப் பார்த்தார். "நீ நம்ம ஆளுதானப்பா?"

"ஆமா சார். லீவுல இருக்கேன்."

"எப்ப வேலைக்கு வருவ?"

"குஞ்சு பறந்ததும் சொல்றேன் சார். அதுவரைக்கும் காலை எடுக்க முடியாது."

அதிகாரி கொஞ்ச நேரம் கோலமாவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஷூவைக் கழற்றினார், சாக்ஸையும் கழற்றினார், பேன்ட்டைக் கொஞ்சம் மடித்துக்கொண்டு மண்ணில் நின்றார். மேற்கே யாரோ ஒரு கம்பியை இணைத்தார்கள். அவர் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். கையில் ஷூவோடே வண்டிக்கு நடந்து போனார். பொங்கல் வரை வேலையை நிறுத்திவைத்திருக்கிறது, மேலே எழுதிக் கேட்டிருக்கிறது என்று சேதி வந்தது. பொங்கலுக்குப் பிறகு என்ன என்று சேதியில் இல்லை. ஊர் அதைக் கேட்டுச் சந்தோசப்படவுமில்லை, அழவுமில்லை. பொங்கல் வரை என்றால் குஞ்சு பறந்துவிடும் என்று மட்டும் ராக்கம்மா கணக்குப் போட்டாள்.

மார்கழியில் முட்டைகளின் நிழல் உடைந்து குஞ்சுகளின் நிழல் எட்டிப் பார்த்தது. அவை வாயைத் திறந்தன. தாயின் நிழல் எதையோ கொண்டுவந்து ஊட்டியது, ஆனாலும் குஞ்சுகள் வாயை மூடவில்லை. நிழலை ஊட்டினால் எப்படிப் பசி ஆறும் என்று பெண்கள் முனகினார்கள். வில்வக்கனி தினமும் புருசனின் காலடியில் ஒரு சின்ன மீனை வைத்தாள். சாயங்காலம் அது அங்கேயே கிடக்கும்.

அப்படி ஒரு காலையில், பனி விலகி வெயில் ஏறும்போது, கரையில் நின்றவர்கள் யாரோ ஒருவர் அண்ணாந்து பார்ப்பதைக் கண்டு எல்லாரும் அண்ணாந்தார்கள். அவர்கள் அண்ணாந்து பார்த்துப் பல மாதமாகியிருந்தது, கழுத்து வலித்தது. வடக்கிலிருந்து ஒரு நாரை வந்தது. இறகும் மூக்கும் சிவந்த காலுமாக, முழுதாக வந்தது. ஆனால் கோயில் மேலும் ஆடுகள் மேலும் அது கடந்தபோது தரையில் ஒன்றும் விழவில்லை. அது கண்மாயைச் சுற்றியது, தாழ்ந்தது, எதையோ தேடுகிற மாதிரி ஒவ்வொரு மரமாகப் பார்த்தது. விட்டுப்போன நிழலை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறதா, இருந்துவிட வந்திருக்கிறதா என்று பூமிநாதனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வழியில்லை. ஊர் மொத்தமும் மூச்சை அடக்கி நின்றது. இந்த முறை அது வழக்கத்தால் அல்ல என்று அவருக்குத் தோன்றியது. சத்தம் போடாமலும், காலை ஊன்றாமலும், எல்லாரும் குதிகாலைத் தூக்கி நின்றார்கள்.

நாரை வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து, கால்களை நீட்டி, சந்தனமாரியின் வலது தோளில் இறங்கியது. சரிவில் அவனுடைய நிழலின் தோளில் இருந்த நாரை ஒருமுறை சிறகு விரித்து அடங்க, மேலே இருந்ததும் அதே கணம் விரித்து அடங்கியது.

சந்தனமாரி உதடு மட்டும் அசையச் சொன்னான்.

"மாமா... கனமா இருக்கு."